வயதான பெட்டையோடு வெடைக்கோழியைச் சேர்த்து விடுவது எப்படி?

மல்லிப்பந்தல் எழுதியது:

வணக்கம். திருச்சியில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. கிணற்றடி, ஒரு முருங்கை, இரண்டு வாழை, துணி துவைக்கிற கல், அவ்வளவுதான். ரொம்ப நாளாகச் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி வகையில் இரண்டு பெட்டைகள் வளர்த்து வந்தோம். போன மாதம் கருப்பியைத் தெருநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது செவலை. அவளுக்கு நாலு வயதுக்கு மேல் இருக்கும். இன்னும் முட்டை வைக்கிறாள், விட்டு விட்டுத்தான்.

கருப்பி போனதிலிருந்து செவலை சரியாக மேய்வதில்லை. கொல்லைக் கதவுப் பக்கம் நின்று கேவிக்கொண்டே இருக்கிறாள். துணைக்கு ஆகட்டும் என்று சந்தையில் ஒரு வெடை, இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டை, வாங்கி வந்தோம். இரண்டரை மாதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இன்னும் கீச்சுக் குரல்தான். கொண்டை வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்று இருக்கிறது. கீழே விட்டதும் செவலை கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து நேராக மண்டையில் ஒரு போடு போட்டாள். குட்டி வாழைக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. இப்போது பஞ்சாரத்தில், அதாவது மூங்கில் கூடையில், கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

துணை இல்லாமல் ஏங்குகிறவள், துணை வந்ததும் ஏன் இப்படிப் பாய்கிறாள்? எத்தனை நாளில் பழகும்? ராத்திரி ஒரே கூட்டில் அடைக்கலாமா?

செம்மண்காடு எழுதியது:

இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா அக்கா? இருட்டினதும் பெரியது பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுங்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. காலையில் பார்த்தால் இதுவும் நம்ம கூட்டம்தான் என்று விட்டுவிடும். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் எப்போதும் இப்படித்தான்.

பஞ்சாரக்காரர் எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி. இருட்டில் கோழிக்குப் பார்வை மங்கிவிடும், ராத்திரியில் சண்டை வராது. விடிந்ததும் கண் தெரியுமே! கோழி ஒன்றையொன்று தலையையும் கொண்டையையும் வைத்து நன்றாகவே அடையாளம் கண்டுகொள்ளும். பார்த்தே இராத ஒரு முகம் விடியற்காலையில் பூட்டிய கூட்டுக்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தால், நீங்கள் எழுந்து வந்து கதவைத் திறப்பதற்குள் குட்டியின் மண்டைத் தோல் போயிருக்கும். வீட்டுக் கூடு எவ்வளவு பெரிதாக இருக்கும்? ஓட இடம் கிடையாது.

செவலை ஏங்குவது கருப்பிக்காக. வந்திருப்பது கருப்பி இல்லை, யாரோ. அந்தக் கிணற்றடி, வாழைப் பாத்தி, இரை வைக்கிற இடம் எல்லாம் இத்தனை வருஷமாக அவள் ஆட்சி. புதிதாக வந்தது எதற்கும் இடம்விட்டு ஒதுங்க வேண்டும் என்பதை மண்டையில் போட்டுத்தான் சொல்லுவாள். இது கோபம் இல்லை. கருப்பியே ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்திருந்தாலும் இரண்டு கொத்து விழுந்திருக்கும்.

பஞ்சாரத்தில் கவிழ்த்தது நல்ல வேலை, அக்கா. அதை எடுக்க அவசரப்படாதீர்கள். செவலை வழக்கமாக மேய்கிற, புழுதியில் புரளுகிற இடத்துக்குப் பக்கமாக நிழலில் வையுங்கள். மேலே ஒரு கல் இருக்கட்டும், நாய் தட்டிவிடாமல். உள்ளே ஒரு சின்னச் சட்டியில் தண்ணீர். இரை போடும்போது பஞ்சார ஓரத்தில் உள்ளே ஒரு பிடி, வெளியே ஒரு பிடி கம்பு தூவுங்கள். இரண்டு தலையும் மூங்கில் பட்டைக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகக் குனிந்து தின்ன வேண்டும். முதலில் செவலை இரையை விட்டுவிட்டு இடுக்கு வழியாகக் கொத்தப் பார்ப்பாள். அப்போது வெளி இரையை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். நாளாக ஆகக் கிட்டே கொண்டு வாருங்கள். உள்ளே ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் பஞ்சாரத்தை ஒட்டியே படுத்துப் புழுதி குளிக்க ஆரம்பித்தாள் என்றால் திறக்கலாம். எனக்குத் தெரிந்து ஒரு வாரத்துக்குக் குறைந்து அது நடப்பதில்லை. சில பெட்டைகள் இரண்டு வாரமும் எடுக்கும்.

இன்னொன்று, உங்கள் குட்டி ரொம்பச் சின்னது. கீச்சுக் குரல் போய், உடம்பு செவலைக்கு முக்கால்வாசியாவது வந்த பிறகு கலப்பது நல்லது. சிறுவிடை என்பதால் மூன்றரை, நாலு மாதத்தில் அது ஆகிவிடும். பெருவிடைப் பெட்டையாக இருந்திருந்தால் இன்னும் காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

பழைய மருந்தகம் எழுதியது:

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கொத்துக்கு மருந்து இருக்கிறது. சந்தையிலிருந்து கூடவே வந்திருக்கக்கூடிய நோய்க்கு எல்லா நேரமும் இருக்காது. அதை யாரும் சொல்லவில்லை.

சந்தைக் கோழி பல ஊர்க் கோழிகளோடு ஒரே கூடையில் இருந்து வந்தது. வெள்ளைக்கழிச்சல் என்கிற கொள்ளைநோயின் கிருமி உள்ளே இருந்தாலும் வாங்கும்போது துள்ளிக்கொண்டுதான் இருக்கும். சில நாள் கழித்துத்தான் தலை தொங்கும். அதனால் முதலில் பார்வைக்குக்கூட எட்டாத தனி இடம், வீட்டின் முன்பக்கமோ மாடியோ. இரண்டு வாரம் குறைந்தபட்சம், ஒரு மாதம் என்றால் நிம்மதி. தண்ணீர்ச் சட்டி தனி. காலையில் முதலில் செவலைக்கு இரை வைத்துவிட்டு அப்புறம் குட்டியிடம் போங்கள், மாற்றிப் போகாதீர்கள். கிருமி உங்கள் செருப்பிலேயே பயணம் செய்யும்.

அந்த நாட்களில் தினமும் எச்சத்தைப் பாருங்கள். பச்சையோ சுண்ணாம்பு மாதிரி வெள்ளையோ நீராகப் போனால், மூக்கில் சளி, கண்ணில் நுரை இருந்தால், சேர்க்கும் பேச்சே வேண்டாம். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகின் அடிக்காம்பில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை.

தடுப்பூசி போட்டதா என்று சந்தையில் கேட்டால் போட்டதாகத்தான் சொல்வார்கள். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு விடுவது, எட்டு வாரம் தாண்டிய பிறகு இறக்கையில் ஊசி, இதுதான் வெள்ளைக்கழிச்சலுக்கு முறை. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். வருடா வருடம் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாமும் நடக்கும். செவலைக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள். நோயாக இருக்கும்போது போடக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு ஆபத்து உண்டு. ரத்தக்கழிச்சல் கிருமி பெரிய கோழியின் குடலில் தொந்தரவு இல்லாமல் இருக்கும், எச்சத்தில் வெளியேறும். இளசுக்கு அது புதுசு. செவலை வருஷக்கணக்காக எச்சமிட்ட ஈரமான மண்ணில் குட்டியைத் திடீரென்று விட்டால் ரத்தமாகக் கழியலாம். கிணற்றடி ஈரத்தில் பஞ்சாரம் வேண்டாம். காய்ந்த இடம், இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றம்.

மல்லிப்பந்தல் எழுதியது:

ஐயா, ஏற்கெனவே இரண்டும் மோதிக்கொண்டாயிற்றே? இனிமேல் பிரித்து வைத்துப் பிரயோஜனம் இருக்கிறதா?

பழைய மருந்தகம் எழுதியது:

இருக்கிறதம்மா. ஒரு நிமிட உரசலும் ஒரே சட்டியில் தினமும் தண்ணீர் குடிப்பதும் ஒன்றில்லை. இப்போதே மாடிக்குக் கொண்டுபோங்கள்.

பஞ்சாரக்காரர் எழுதியது:

ஐயா சொல்வதையே முதலில் செய்யுங்கள். தனியாக வைத்திருக்கும் நாட்களில் குட்டியும் வளர்ந்துவிடும், நான் கேட்ட வயதும் வந்துவிடும். பஞ்சாரம் அதற்கு அப்புறம்.

கொக்கரக்கோ எழுதியது:

நடுவில் ஒரு கதை. யார் யாரைக் கொத்தலாம் என்று கோழிக்கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு என்பதை முதன்முதலில் ஒழுங்காகக் கவனித்து எழுதியவர் நார்வேக்காரர், தோர்லைஃப் ஷெல்டெருப் எப்பே. 1920களின் தொடக்கத்தில் வெளியிட்டார். சின்னப் பையனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து பார்த்துக் குறித்துவைக்க ஆரம்பித்தவர். மேலே இருப்பது எல்லாரையும் கொத்தும், கடைசியில் இருப்பது எல்லாரிடமும் வாங்கும். சில கூட்டத்தில் முக்கோணமும் உண்டாம்: ‘அ’ கோழி ‘ஆ’வைக் கொத்தும், ‘ஆ’ கோழி ‘இ’யைக் கொத்தும், ‘இ’ திரும்பி வந்து ‘அ’வைக் கொத்தும். எங்கள் அலுவலகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், வரிசை முடிவாகிவிட்டால் கொத்து குறைந்துவிடும். மேலே இருப்பது ஒரு பார்வை பார்த்தாலே கீழே இருப்பது நகர்ந்துவிடும். அதனால் முதல் கொத்தைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிரித்துவிடுவது நல்லதில்லை. முடிவாக வேண்டியது முடிவாகாமல் நாளைக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

செம்மண்காடு எழுதியது:

அப்படி வாருங்கள். என் ஆத்தா எந்தப் பஞ்சாரமும் பார்த்ததில்லை. ராத்திரி விட்டால் காலையில் மேயும், முடிந்தது கதை.

பஞ்சாரக்காரர் எழுதியது:

உங்கள் தோட்டத்தில் எத்தனை உருப்படி தம்பி?

செம்மண்காடு எழுதியது:

முப்பது, நாற்பது இருக்கும். சேவல் நாலு. மேய்ச்சலுக்கு ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு.

பஞ்சாரக்காரர் எழுதியது:

அதுதான் விஷயமே. நாற்பதில் ஒன்று கூடினால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆளுக்கு ஒரு கொத்து கொத்திவிட்டு மேயப் போய்விடும். துரத்தினால் தென்னை தென்னையாக ஓடலாம். போதாததற்குப் பெட்டைகள் அடித்துக்கொண்டால் சேவல் குறுக்கே வந்து நிற்கும். அக்கா வீட்டில் ஒரே ஒரு கிழவி, ஒரே ஒரு குட்டி, நாலு சுவர். கிழவிக்கு வேறு வேலையே இல்லை. கொத்தெல்லாம் ஒரே மண்டையில்தான் விழும். கோழி சேர்ப்பதிலேயே கஷ்டமான கணக்கு இந்த ஒன்றுக்கு ஒன்றுதான்.

செம்மண்காடு எழுதியது:

சரிங்க, அந்த இடத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. எங்கள் காட்டுக்கு என் வழி.

வன்னித்தோட்டம் எழுதியது:

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். பஞ்சாரக்காரர் ஐயா சொன்ன அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கை மாற்றலாம் தானே அக்கா? இதே வயதில் இன்னொரு பேட்டுக் குஞ்சு எடுத்து விடுங்கோ. இரண்டு சின்னன் என்றால் கொத்து இரண்டாகப் பிரியும். பெரியது துரத்தினாலும் ஒன்றுக்கொன்று துணையாக ஒரு மூலையில் போய் நிற்கும், தனியாகப் பயந்து தீன் தின்னாமல் காயாது. எங்கட வளவில் ஒற்றையாக ஒரு குஞ்சு விடுகிற பழக்கமே இல்லை. எடுக்கிறதென்றால் இப்பவே எடுங்கோ. பிறகு எடுத்தால் மருந்தக ஐயாவின் தனிமை வாசத்தை முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மல்லிப்பந்தல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டாவது எடுக்க வீட்டில் சம்மதம் இல்லை, இடம் போதாது என்கிறார். ஒன்றோடுதான் பார்க்க வேண்டும்.

மாடியில் தனியாக வைத்து, ஊசி போட்டு, அப்புறம் கீழே கொண்டுவந்து பஞ்சாரத்தில் விட்டேன். குட்டி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது, கழுத்தில் பொன் நிறம் வந்திருக்கிறது. பொன்னி என்று பெயர். செவலை முதலில் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். அப்புறம் அது குறைந்தது. ஓரத்தில் தூவிய கம்பை இரண்டும் ஒன்றாகப் பொறுக்கின. சரி என்று சாயங்காலம் அடைகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் திறந்துவிட்டேன்.

பொன்னி வெளியே வந்து ஒரு காலைத் தூக்கி அப்படியே நின்றாள். செவலை வந்து கழுத்தை நீட்டி உயரமாக நின்று பார்த்துவிட்டு, கொண்டையில் ஒரு கொத்து. பொன்னி தலையைத் தாழ்த்திப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். செவலை இன்னொரு கொத்து கொத்திவிட்டு இரைக்குத் திரும்பிவிட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், கொக்கரக்கோ சொன்னதுக்காக.

இப்போதைய சிக்கல் வேறு. பொன்னி துவைக்கிற கல் மேல் ஏறிக்கொண்டால் இறங்குவதே இல்லை. தண்ணீர் பக்கம் வந்தால் செவலை விரட்டுகிறாள். கொல்லையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துரத்துவதும் நடக்கிறது. ரத்தம் எதுவும் இல்லை.

பஞ்சாரக்காரர் எழுதியது:

தலையைத் தாழ்த்தித் திருப்பியதும் செவலை விட்டுவிட்டுப் போனாள் பாருங்கள், அதுதான் வேண்டும். அடிபணிந்ததை அவள் ஏற்றுக்கொள்கிறாள். இனி இடத்தைச் சரி செய்தால் போதும்.

இரையும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியக் கூடாது. கிணற்றுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே ஆள் இரண்டு இடத்தையும் காவல் காக்க முடியாது. பழைய பலகை, தென்னை மட்டை ஏதாவது சுவரில் சாய்த்து வைத்தால் குட்டி பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைத்திருந்தால் அது ஒளியிடம் இல்லை, பொறி. மூலைகளில் சாக்கு மூட்டை, தொட்டி ஏதாவது வைத்து மூலையே இல்லாமல் செய்துவிடுங்கள். மோசமான அடி எல்லாம் மூலையில்தான் விழும்.

துவைக்கிற கல் மேல் நிற்பது பரவாயில்லை. ஆனால் தின்கிறதா என்று தெரிய வேண்டும். அடைந்த பிறகு பொன்னியைக் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே நெஞ்சுக்கு வலது பக்கம் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாக, உள்ளே தானியம் நறநறவென்று கைக்குப் பட்டால் வயிறு நிறைந்திருக்கிறது. துவண்டு காலியாக இருந்தால் அன்றைக்குப் பட்டினி. தனியாக வைத்துத் தீனி கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்து ஏமாறலாம், இரைப்பை ஏமாற்றாது.

கோடிக்குக் கோடி துரத்துவது மட்டும் குறையவில்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள்: செவலையைப் பஞ்சாரத்தில் போடுங்கள், பொன்னியை வெளியே விடுங்கள். மூன்று நாலு நாள் குட்டி கொல்லை முழுக்கச் சுற்றட்டும், எல்லா இடுக்கும் அதற்குப் பழகட்டும். செவலை வெளியே வரும்போது, முழு ஆட்சி கையை விட்டுப் போன குழப்பத்தில் கொஞ்சம் அடங்கியிருப்பாள். பலரும் அடிவாங்குகிற குட்டியைத்தான் பிரித்து எடுப்பார்கள். திரும்ப விடும்போது அது மறுபடியும் புது ஆள் ஆகிவிடும்.

பழைய மருந்தகம் எழுதியது:

ரத்தம் வராத வரை பொறுக்கலாம். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் உடனே தூக்கிவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கோழிக்குக் கொத்தத்தான் தோன்றும், நல்ல கோழியும் சதை தெரியும் வரை கொத்திவிடும். காயத்தைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு, ஆறும் வரை தனியாக வைத்திருங்கள். கீழே அழுத்தி முதுகில் ஏறி நின்று கொத்துவது, பின் இறகைப் பிடுங்கித் தின்பது, இவை இரண்டும் வரிசைச் சண்டையில் சேராது. பண்ணையில் செய்கிறார்கள் என்று யாராவது மூக்கை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். கொல்லையில் வளர்க்கிற இரண்டு கோழிக்கு அது தேவையே இல்லை.

செவலைக்கு இறகு உதிர்கிறதா என்றும் பாருங்கள். புது இறகு குருத்து விடும் நேரத்தில் தொட்டாலே வலிக்கும், எந்தப் பெட்டையும் எரிச்சலாகத்தான் இருக்கும்.

குஞ்சுக்கூடை எழுதியது:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பெட்டை அடையில் இருக்கிறது. சந்தையில் குஞ்சு வாங்கி அதன் கீழ் வைத்தால் இந்தப் பிரச்சினையே வராதல்லவா?

செம்மண்காடு எழுதியது:

இதுக்கு என் ராத்திரி வைத்தியம்தான். பொரித்து ஓரிரு நாள் ஆன குஞ்சாக இருக்க வேண்டும், ஒரு வாரக் குஞ்சு சரிப்படாது. பெட்டையும் அடையில் நன்றாக உட்கார்ந்து மூன்று வாரம் ஆகியிருக்க வேண்டும். இருட்டில் முட்டையை எடுத்துவிட்டுக் குஞ்சை ஒவ்வொன்றாக அடியில் தள்ளுங்கள். விடியும்போது பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சில பெட்டை குஞ்சைக் கண்டதும் கொன்றுவிடும். ஏற்றுக்கொண்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் தாயே கொத்திப் பிரித்துவிடும், அது வேறு. அதற்குள் குஞ்சுக்கு இடம் பழகியிருக்கும்.

மல்லிப்பந்தல் எழுதியது:

இரண்டு இடத் தண்ணீர் நன்றாக வேலை செய்தது. செவலையைப் பஞ்சாரத்தில் போட்டதும் கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள், எதிர் வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்தார். வெளியே விட்ட பிறகு துரத்துவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இரை போடும்போது ஒரு கொத்து உண்டு, அவ்வளவுதான். மத்தியான வெயிலில் இரண்டும் முருங்கை அடியில் ஒரே குழியில் புரளுகின்றன. பொன்னியின் இரைப்பையை தினமும் பார்க்கிறேன், நிறைந்திருக்கிறது.

இரண்டு சந்தேகம். கூட்டில் செவலை மேல் கம்பில் அடைகிறாள், பொன்னி ஏறினால் தள்ளிவிடுகிறாள். அதனால் பொன்னி கீழே மூலையில் படுக்கிறாள். இரண்டாவது, செவலைக்கு முட்டை ஓடு மெல்லிசாக வருகிறது என்று முட்டைக்கோழித் தீவனம் வாங்கி வைத்திருந்தேன். அதையே இரண்டுக்கும் போடலாமா?

பஞ்சாரக்காரர் எழுதியது:

கீழே படுக்க விடாதீர்கள். எலி, கீரி, பாம்பு எல்லாம் தரையோடுதான் வரும், எச்சமும் மேலே விழும். அதே உயரத்தில் இன்னொரு கம்பு கட்டுங்கள், ஒரு முழம் தள்ளி. உயரம் குறைந்தால் பொன்னி அதை ஏற்க மாட்டாள், அவளுக்கும் மேல் கம்புதான் வேண்டும். இருட்டினதும் நீங்களே தூக்கி உட்கார வையுங்கள், கொஞ்ச நாளில் தானே ஏறிவிடும். விடிந்ததும் கதவைத் திறப்பதில் மட்டும் தாமதம் வேண்டாம்.

பழைய மருந்தகம் எழுதியது:

அந்தத் தீவனம் பொன்னிக்கு ஆகாது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நாலு சதவீதம் வரை இருக்கும். வளர்கிற வெடைக்கு ஒரு சதவீதமே போதும். மிச்சத்தை வெளியேற்றப் போய்ச் சிறுநீரகம் கெட்டுவிடும். இரண்டையும் பிரித்துத் தீனி வைப்பது உங்கள் கொல்லையில் நடக்காது. அதனால் இரண்டுக்கும் வளர்கோழித் தீவனமே வையுங்கள், செவலைக்கு அதனால் கெடுதல் இல்லை. அவளுக்காகக் கிளிஞ்சல் தூளோ, வறுத்து நொறுக்கிய முட்டை ஓடோ தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். முட்டை வைக்கிற கோழி தேவைக்குப் பொறுக்கிக்கொள்ளும், பொன்னி ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடுவாள். கொண்டை சிவந்து, முதல் முட்டை வைத்ததும் இரண்டுக்கும் முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். சிறுவிடைக்கு அது ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். அப்போது மறுபடி ஒரு சின்னச் சண்டை வரும், முட்டை வைக்கிற கூடைக்கு. இன்னொரு கூடை வைத்துவிடுங்கள்.